ஐந்தாம் நாள்: ஓய்வு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி.
ஜெராக்ஸ் கடையும் டிராவல்ஸும் ஒரே அறை.
போஜராஜ் திரையை என் பக்கம் திருப்புகிறான்.
ஆறு இரவு, ஏழு பகல்.
அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா.
இரண்டாயிரம் வருஷத்து மரம்,
ராஜாக்கள் குளித்த கல் தொட்டி,
எல்லாத்துக்கும் போர்டு வச்சிருக்காங்க அக்கா,
மூணு பாஷையில.

ஐந்தாம் நாள்: ஓய்வு.
அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன்.
இங்கே ஒரு தோட்டத்துக்குப் போகணும்.

பேரு?
கிளிமூக்குத் தோட்டம்.
தேடினான்.
மேப்பில் ஒரு கிளி ஜோசியர் வந்தார், தாம்பரத்தில்.
துரைமார் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது.
எங்கள் வாயில் அது ஒருநாளும் நிற்கவில்லை.

பாஸ்போர்ட் போன மாதம்தான் வந்தது.
ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள், குடியுரிமை எப்படி:
பிறப்பால், வம்சத்தால், பதிவால்.
பதிவுக்கு நேரே டிக் போட்டேன்.
அதற்கு முன்னால் எந்த நாடு என்று எழுத
பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன்.
ஏழு வயது வரை நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை.
அதற்காகத் தட்டம்மை வராமல் இருந்ததா,
வாய்ப்பாடு ஒப்பிக்காமல் விட்டார்களா.

போஜராஜின் ஹட்டி அந்த ஜன்னலில் தெரிகிறது.
சரிவில் ஒட்டினாற்போல் வரிசை வீடுகள்.
எத்தனை தலைமுறை என்றால் சிரிக்கிறான்.
ஹெத்தை ஹப்பாவுக்கு
வெள்ளை கட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவான்.
பூர்வீகத்துக்கு விசா போடுவது
அவனுக்கு இதுதான் முதல் தடவை.

சேரம்பாடி டான்டீயிலிருந்து தம்பி மருதவீரன்
எப்படியோ ஒரு நம்பர் பிடித்தான்.
ராத்திரி எட்டு மணி. ஒரு பெண் எடுத்தாள்.
எந்த லயம்?
மேல் டிவிசன், பெரட்டுக்களத்துக்குப் பின்னால.
எத்தனையாம் காம்பரா?
ஏழு. வாசல்ல கொய்யா மரம்.
கொஞ்ச நேரம் கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும்.
ஏழுல நாங்கதான் இருக்கோம்.
வீட்டைக் கேட்டு வரலையே?

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
முப்பது வருஷமா எங்க பேருக்கு எழுதித் தாங்கன்னு
கேட்டுக்கிட்டு இருக்கோம் அக்கா,
யாராச்சும் விசாரிச்சாலே பக்குங்குது.
கொய்யா இல்ல. தண்ணி டாங்கி கட்டிட்டாங்க.
வாங்க.
கொழுந்து நிறுத்துட்டு வந்துருவேன்,
நாலரைக்கு மேல வாங்க.

வைக்கப்போன போனை மறுபடி காதுக்கு எடுத்தேன்,
யோகமலர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.
எங்காளுங்க ஊரு துறையூர்ப் பக்கமாம்.
கீரம்பூரோ, கீரனூரோ.
ஒரு போட்டோ எடுத்தாந்து தருவீங்களா?
குளம், கோயில், எதுன்னாலும் சரி.
ஆளு இல்லாட்டியும் பரவால்ல.

வீட்டுக்காரர் கம்பளிக்குள்ளிருந்தே கேட்டார்,
நம்ம ஊர் எதுன்னே தெரியாது,
குடும்பக் கார்டுல திருச்சி ஜில்லான்னு
ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இருக்கு,
நீ அவ ஊரைத் தேடிப் போறியா?
பதில் சொல்லவில்லை.
நாமக்கல்லில் பஸ் மாற வேண்டுமா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மறுபடி மாடி ஏறினேன்.
கோயம்புத்தூர் வேண்டாம்,
திருச்சியிலிருந்து டிக்கெட் போடு.
முதல் நாளுக்கு முன்னால ஒரு நாள் சேர்க்கணும்.
போஜராஜ் மேலே ஒரு காலி வரி திறந்தான்.
இதுக்கு என்ன பேரு போடட்டும்?
தகரத்தின் மேல் மழை ஓங்கிப் பிடித்திருந்தது.
இரண்டு ஊரையும் சொன்னேன்.
காதில் விழுந்ததை அடித்தான்.